மறைநாணயமும் மக்கள் வாக்கும்

பணம் என்பது எது, அதனை அடிக்கும் உரிமை யாருக்கு, எவர் நலத்துக்காக அடிப்பது என்னும் வினாக்களை அமெரிக்க மக்கள் வெளிப்படையாகவே வாக்குச் சாவடிக்குக் கொண்டு சென்ற காலம் ஒன்று உண்டு. 1896 ஆம் ஆண்டு அது. தங்கத்தை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட பணம் நாட்டின் தேவைக்குப் போதவில்லை. விளைபொருள்களின் விலை ஆண்டுதோறும் வீழ்ந்தது. உழவன் வாங்கிய கடனோ வீழவில்லை. எனவே, 16 பங்கு வெள்ளிக்கு 1 பங்கு தங்கம் என்னும் விகிதத்தில் வெள்ளியையும் தடையின்றி நாணயமாக அடிக்க வேண்டும் என்று மேற்கிலும் தெற்கிலும் குரல் எழுந்தது. 36 வயதே நிரம்பிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், சிக்காகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஆற்றிய ஒரு சொற்பொழிவினாலேயே அதிபர் வேட்பாளர் ஆனார். தொடர்வண்டியில் நாடெங்கும் சுற்றி, நூற்றுக்கணக்கான கூட்டங்களில் வெள்ளிக்காக வாதாடினார். அவரை எதிர்த்த மெக்கின்லி, ஒஹையோ மாநிலத்தில் தம் வீட்டு முகப்பில் நின்றபடியே, தேடி வந்த கூட்டத்தாரிடம் தங்கத்துக்காக வாதாடினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் வெளிவந்த ‘காயினின் நிதிப் பள்ளி’ என்னும் சிறு நூலில், ஒரு சிறுவன் ஆசிரியனாக அமர்ந்து வங்கி முதலாளிகளுக்கே பணத்தின் இலக்கணத்தைக் கற்பிப்பான். அந்நூல் இலட்சக்கணக்கில் விற்றது.

பிரையன் தோற்றார். வங்கிகளும் பெருந்தொழில் நிறுவனங்களும் வாரி வழங்கிய பணம் மெக்கின்லியின் பக்கமே நின்றது. அத்தேர்தல் தூய்மையானது என்று எவரும் சான்று வழங்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்று உறுதி. வென்றவனுக்கும் தோற்றவனுக்கும், எதன் பொருட்டு வாக்களித்தோம் என்பது தெரிந்திருந்தது. தங்கம் என்றவன் தங்கம் என்றே சொன்னான். வெள்ளி என்றவன் வெள்ளி என்றே சொன்னான்.

128 ஆண்டுகளுக்குப் பின்னர், 2024 இல், பணம் என்பது எது என்னும் அதே வினா அமெரிக்கத் தேர்தலுக்குள் மீண்டும் நுழைந்தது. இம்முறை அது கேள்வியாக நுழையவில்லை, நன்கொடையாக நுழைந்தது.

‘கிரிப்டோ’ என்று உலகம் சுருக்கி அழைக்கும் மறைநாணயத்தின் பிறப்பை இங்கே நினைவூட்டுதல் தகும். 2008 இல் அமெரிக்க வங்கிகள் தம் பேராசையால் சரிந்து, அரசின் கருவூலப் பணத்தால் தூக்கி நிறுத்தப்பட்ட வேளையில், சத்தோஷி நாக்கமோத்தோ என்னும் புனைபெயரில் ஒரு திட்டம் வெளியாயிற்று. 2009 சனவரியில் அது செயலுக்கு வந்தது. வங்கியும் வேண்டா, அரசும் வேண்டா; கணினிகள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும் ஒரு பொதுக் கணக்கேடே போதும் என்பது அதன் கொள்கை. ‘பிட்காயின்’ எண்ணிக்கை 2 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டாது என்பது அதன் விதி. அக்கணக்கேட்டின் முதல் ஏட்டிலேயே, வங்கிகளை இரண்டாம் முறையாக மீட்கப் போகும் பிரிட்டிஷ் நிதியமைச்சரைப் பற்றிய ஒரு லண்டன் நாளேட்டின் தலைப்புச் செய்தி பொறிக்கப்பட்டிருந்தது. அறச்சீற்றம் என்றே அதனை அன்று பலர் கருதினர். அதில் பொய்யும் இல்லை.

அந்தச் சீற்றம் வளர்ந்து எங்கே போய் நின்றது? அரசே வேண்டா என்று பிறந்த நாணயத்தின் வணிகர்கள், அரசே அதனை வாங்கிச் சேமித்து வைக்க வேண்டும் என்று கேட்கும் நிலையில் போய் நின்றார்கள். வங்கியை வெறுத்துப் பிறந்தது, வங்கிச் சட்டத்தை எழுதும் நாடாளுமன்றக் குழுக்களின் கதவைப் பணப்பெட்டியோடு தட்டியது.

டோனால்ட் டிரம்ப் இதில் கொண்ட கோலங்களைக் காலவரிசையில் காண்பது நன்று. 2019 சூலையில், அதிபர் பதவியில் இருந்துகொண்டே, மறைநாணயம் பணமே அன்று, அதன் மதிப்பு வெறுங்காற்றை அடிப்படையாகக் கொண்டது என்னும் பொருள்பட எழுதினார். 2021 சூனில், பிட்காயின் ஒரு மோசடி போலத் தோன்றுகிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார். 2024 மே மாதத்தில் அவருடைய தேர்தல் அலுவலகம் மறைநாணயத்தில் நன்கொடை பெறத் தொடங்கியது. அதே ஆண்டு சூலை 27 ஆம் நாள், டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் கூடிய பிட்காயின் மாநாட்டு மேடையில் ஏறி, அமெரிக்காவைப் பிட்காயின் வல்லரசாக்குவேன் என்றும், அரசிடம் உள்ள பிட்காயினை விற்காமல் நாட்டின் கையிருப்பாக வைப்பேன் என்றும் உறுதி கூறினார். பங்குச் சந்தை ஆணையத்தின் தலைவர் கேரி கென்ஸ்லரை முதல் நாளிலேயே நீக்குவேன் என்று அவர் சொன்னபோது எழுந்த ஆரவாரத்தை அவரே எதிர்பார்க்கவில்லை. ஆகவே மறுமுறையும் சொன்னார்.

மனிதர் கருத்து மாறுவது குற்றமன்று. கருத்து மாறியவர், மாறியதற்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவர். வெறுங்காற்று எந்த ஆண்டில், எந்த ஆய்வினால், கருவூலத்தில் வைக்கத்தக்க செல்வமாயிற்று? அவ்விளக்கம் நாஷ்வில் மேடையில் கிடைக்கவில்லை. அங்கிருந்தோர் அதனைக் கேட்கவும் இல்லை.

அதிபர் போட்டி மேடையில் நடந்தது இது. பணம் கொட்டியது வேறோர் இடத்தில். அமெரிக்காவில் ‘சூப்பர் பேக்’ எனப்படும் தேர்தல் செலவுக் குழுக்கள் வேட்பாளர் கையில் பணம் கொடுக்கலாகாது. ஆனால், அவரை ஆதரித்தோ எதிர்த்தோ எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம். 2010 இல் உச்ச நீதிமன்றம் ‘சிட்டிசன்ஸ் யுனைட்டட்’ வழக்கில் வழங்கிய தீர்ப்பு திறந்துவிட்ட வாயில் அது. அவ்வாயிலின் வழியே ‘ஃபேர்ஷேக்’ என்னும் குழு வந்தது. காயின்பேஸ், ரிப்பிள் ஆகிய மறைநாணய நிறுவனங்களும், அத்துறையில் முதலீடு செய்த ஆண்ட்ரீசன் ஹோரோவிட்சும் அதன் பெரும்புரவலர்கள். 2024 தேர்தலுக்கென 20 கோடி டாலருக்கு மேல் திரட்டிய அக்குழு, அதிபர் போட்டியில் தலையிடாது நாடாளுமன்றத் தொகுதிகளில் கண் வைத்தது. அவ்வாண்டில் நிறுவனங்கள் நேரடியாகத் தேர்தலில் இறக்கிய பணத்தில் ஏறத்தாழப் பாதி மறைநாணயத் துறையினுடையது என்று ‘பப்ளிக் சிட்டிசன்’ என்னும் அமைப்பு 2024 ஆகஸ்டில் கணக்கிட்டது. எண்ணெய் நிறுவனங்களையும் மருந்து நிறுவனங்களையும் நெடுங்காலமாகப் பழித்து வந்த நாட்டில், பதினைந்து வயதுத் தொழில் ஒன்று அவற்றை ஓரங்கட்டிவிட்டது.

கலிபோர்னியாவில் மேலவைக்குப் போட்டியிட்ட கேட்டி போர்ட்டருக்கு எதிராக மட்டும் ஏறத்தாழ 1 கோடி டாலர் செலவாயிற்று. 2024 மார்ச்சில் நடந்த முதற்கட்டத் தேர்தலிலேயே அவர் வீழ்ந்தார். அடுத்தது ஒஹையோ, அதாவது மெக்கின்லி வீட்டு முகப்பில் நின்று பணத்தைப் பற்றி ஊரறியப் பேசிய அதே மாநிலம். மேலவை வங்கிக் குழுவின் தலைவரும் மறைநாணயத்தைக் கண்டித்து வந்தவருமான ஷெராட் பிரௌன் அங்கே போட்டியிட்டார். அவரை எதிர்த்து நின்ற பெர்னி மொரேனோவுக்காக இறக்கப்பட்ட பணம் 4 கோடி டாலர் அளவினது. பிரௌன் தோற்றார். அவர் தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று கூறுவது மிகையாகும். அம்மாநிலமே ஆண்டுதோறும் குடியரசுக் கட்சியின் பக்கம் சாய்ந்து வந்தது. ஆனால் வாசிங்டனில் அமர்ந்திருந்த மற்ற உறுப்பினர்களுக்கு அச்செய்தி போய்ச் சேர்ந்தது.

இவற்றினும் கொடியது, அவ்விளம்பரங்களின் உள்ளடக்கம். அவற்றுள் மறைநாணயம் என்னும் சொல்லே இல்லை! வேட்பாளரின் குணம் பேசப்பட்டது, வேலைவாய்ப்பு பேசப்பட்டது, குடும்பம் பேசப்பட்டது. பணம் போட்டவனின் பொருள் மட்டும் பேசப்படவில்லை. ஊறுகாய் விற்கும் வணிகன்கூடத் தன் விளம்பரத்தில் ஊறுகாயின் பெயரைச் சொல்லுவான். நாட்டின் பண முறையையே மாற்ற விரும்பியவர்கள், தாம் விரும்புவது இன்னது என்று வாக்காளனிடம் ஒரு சொல் கூறவில்லை. கூறினால் ஆதரவு கிட்டாது என்பதை அறிந்தே கூறவில்லை எனலாம். மறைநாணயத்தில் என்றேனும் ஈடுபட்டவர்கள் அமெரிக்கரில் 17 விழுக்காட்டினர் என்றும், அதன் பாதுகாப்பில் நம்பிக்கை இல்லாதவர்கள் 63 விழுக்காட்டினர் என்றும் 2024 இல் பியூ ஆய்வு நிறுவனம் கண்டிருந்தது. ஐயுறும் பெரும்பான்மையிடம் வாதாடி மனத்தை மாற்றுவது மக்களாட்சியின் வழி. அப்பெரும்பான்மைக்குத் தெரியாமலேயே உறுப்பினர்களை மாற்றிவிடுவது வேறு வழி.

இத்துறையை ஆதரிப்போர் கூறும் மறுப்பைப் புறந்தள்ளலாகாது. கென்ஸ்லர் தலைமையில் ஆணையம் தெளிவான விதி எதனையும் வகுக்காமல், வழக்கு மேல் வழக்காகத் தொடுத்துத் தொழிலை நசுக்கியது. வேறு வழியின்றித்தான் அரசியலில் இறங்கினோம் என்பர். இதில் உண்மையும் உண்டு. 2023 ஆகஸ்டில் கிரேஸ்கேல் நிறுவன வழக்கில், ஆணையத்தின் மறுப்பு முறையற்றது என்று வாசிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமே இடித்துரைத்தது. ஆனால் அந்த நிகழ்ச்சியே அவர்களுடைய வாதத்தை உடைக்கவில்லையா? குறை இருந்தது, நீதிமன்றம் சென்றார்கள், திறந்த மன்றத்தில் வாதாடி வென்றார்கள், 2024 சனவரியில் ஆணையம் இணங்கிவந்து பிட்காயின் நிதியங்களுக்கு ஒப்புதல் வழங்கியது. நேர்வழி அடைபட்டிருக்கவில்லை. அவ்வழியில் நடப்பதற்குக் காலம் ஆகும் என்பதே அவர்களுடைய குறை.

ஜனநாயகக் கட்சியார் இதில் கறைபடியாதவர்கள் என்று எண்ணுவோரும் ஏமாறுவர். ‘எஃப்டிஎக்ஸ்’ மறைநாணயச் சந்தையை நடத்திய சாம் பேங்க்மன்-ஃபிரைட் 2022 இல் வெளிப்படையாகக் கொடுத்த ஏறத்தாழ 4 கோடி டாலரில் பெரும்பகுதி அக்கட்சியின் பக்கமே போயிற்று. எதிர்க்கட்சிக்கும் ஏறக்குறைய அதே அளவு பணத்தை வெளியே தெரியாத வழியில் கொடுத்ததாகப் பின்னர் அவரே கூறினார். 2022 நவம்பரில் அச்சந்தை சரிந்தபோதுதான், வள்ளலின் பணம் வாடிக்கையாளர்களின் பணம் என்பது விளங்கியது. 2024 மார்ச்சில் அவருக்கு 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சிங்கப்பூரின் தெமாசெக் நிறுவனம் அங்கே இட்டிருந்த 27 கோடியே 50 இலட்சம் அமெரிக்க டாலரையும் இழப்பாக எழுதித் தள்ளியது. வாசிங்டனில் நன்கொடையாகப் பாய்ந்த வெள்ளம் தென்கிழக்காசியக் கரையையும் நனைத்தது என்பதற்கு அது சான்று. இத்துணைக்கும் பின்னர், தாய்வழியில் தமிழ் வேர் கொண்டவர் என்று தமிழர் பலர் பெருமை பேசிய கமலா ஹாரிஸ், 2024 செப்டம்பரில் மின்னியல் சொத்துகளை ஊக்குவிப்பதாகவும், அதே வேளையில் வாடிக்கையாளரைக் காப்பதாகவும் நழுவலாகப் பேசி நகர்ந்தார். ஒருவர் முழுவதும் ஒப்புக்கொடுத்தார். மற்றவர் பாதி ஒப்புக்கொடுத்தார். எதிர்த்து வாதாட அதிபர் மேடையில் ஒருவரும் இல்லை. இரண்டு பிரதிவாதிகள் ஒரே கட்சிக்காரனின் வழக்குரைஞர்களாக நின்றால் அங்கே வழக்கு ஏது?

தமிழில் ‘நாணயம்’ என்னும் ஒரே சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். நாணயமானவன் என்றால் காசு உள்ளவன் என்று எந்தத் தமிழ் மாணவனும் பொருள் எழுதமாட்டான். தேர்தலுக்குப் பின் நடந்தவற்றை இச்சொல்லின் துணையோடு காணலாம்.

2025 சனவரி 17 ஆம் நாள், பதவியேற்புக்கு மூன்று நாள் முன்னர், டிரம்ப் தம் பெயரிலேயே ஒரு நாணயத்தை வெளியிட்டார். அதற்குப் பின்னால் உழைப்போ உற்பத்தியோ இல்லை. பெயர் மட்டுமே உண்டு. மொத்தம் 100 கோடி நாணயங்களில் 80 விழுக்காடு அவரோடு தொடர்புடைய நிறுவனங்களின் கையில் இருந்தது. இரண்டே நாளில் ஒன்றின் விலை 70 டாலரைத் தாண்டியது. ஏப்ரலுக்குள் 10 டாலருக்குக் கீழே இறங்கியது. தாமதமாக வாங்கிய எளியவர்கள் இழந்தார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒவ்வொரு கைமாற்றத்திலும் வெளியிட்டவர்க்குக் கட்டணம் வந்தது. பின்னர், அந்நாணயத்தை மிகுதியாக வைத்திருந்த 220 பேருக்கு மே 22 ஆம் நாள் வாசிங்டன் அருகிலுள்ள அவருடைய கோல்ஃப் மன்றத்தில் விருந்து வைக்கப்பட்டது.

அமெரிக்கச் சட்டத்தின்படி, 2024 இல் ஒரு குடிமகன் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 3,300 டாலருக்கு மேல் கொடுக்கலாகாது. அயல்நாட்டான் ஒரு காசும் கொடுக்கலாகாது. ஆனால் அதிபரின் பெயர் தாங்கிய நாணயத்தை எந்நாட்டானும், எத்துணைக் கோடிக்கும் வாங்கலாம்! சீனாவில் பிறந்த மறைநாணய வணிகர் சஸ்டின் சன் அவ்விருந்தின் தலையாய விருந்தினர். அவர்மீது 2023 இல் பங்குச் சந்தை ஆணையம் மோசடி வழக்குத் தொடுத்திருந்தது. 2024 நவம்பரில் டிரம்ப் குடும்பத்தின் மற்றொரு மறைநாணய நிறுவனத்தில் அவர் 3 கோடி டாலர் முதலீடு செய்தார். 2025 பிப்ரவரியில் அவ்வழக்கை நிறுத்திவைக்குமாறு ஆணையமே அவரோடு சேர்ந்து நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. அதே மாதத்தில் காயின்பேஸ் மீதான வழக்கும் கைவிடப்பட்டது. அதிபரின் சொத்துகள் அவர் பிள்ளைகள் நடத்தும் அறக்கட்டளையில் இருப்பதால் நலமுரண் எதுவும் இல்லை என்று வெள்ளை மாளிகை விடையிறுத்தது. பிள்ளைகளின் கையில் இருப்பது தந்தையின் பணமன்று என்று நம்புவதற்கு எந்த ஊர்த் தாய் தந்தையர் இணங்குவர்?

2025 மார்ச் 6 ஆம் நாள் பிட்காயின் கையிருப்புக்கான ஆணை பிறந்தது. சூன் 17 ஆம் நாள், டாலரோடு மதிப்புப் பிணைக்கப்பட்ட நாணயங்களுக்கான சட்டம் மேலவையில் 68க்கு 30 என்னும் வாக்கில் நிறைவேறிற்று; ஜனநாயகக் கட்சியினர் 18 பேர் ஆதரித்தனர். அவர்களுள் அச்சட்டத்தை மனமார ஏற்றவர்களும் இருக்கலாம். அவர்களோடு வாக்களிக்கச் சென்ற எவருக்கும் ஒஹையோவில் நடந்தது மறந்திருக்காது. 1896 இன் தோல்விக்குப் பின்னரும் பிரையன் ஊர் ஊராகச் சென்று தம் கட்சியை மக்களிடம் எடுத்துரைக்க முடிந்தது. அந்த வாதம் நாடெங்கும் நடந்து முடிந்த பின்னரே, 1900 இல் தங்கச் சட்டம் வந்தது. 2025 இன் சட்டம் எந்த வாதத்துக்குப் பின்னர் வந்தது? கேட்கப்படாத கேள்விக்கு மக்கள் விடையளித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஃபேர்ஷேக் குழுவோ 2024 வாக்குப்பதிவு நாளை ஒட்டியே, 2026 நாடாளுமன்றத் தேர்தலுக்கென 7 கோடியே 80 இலட்சம் டாலர் கையிருப்பில் உள்ளது என்று அறிவித்திருந்தது. 2024 இன் வாக்குகள் அப்போது எண்ணி முடிக்கப்படவில்லை.