உழைப்பு நம்முடையது, பத்திரம் யார் பெயரில்?



தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் பிழைப்புக்கு என்ன வழி என்று நம் பிள்ளைகள் கேட்டால், இன்று எல்லா மேடைகளிலும் ஒரே பதில்தான். சிறுதொழில் தொடங்குங்கள், கையில் தமிழ் இருந்தால் வீட்டிலிருந்தே எழுதிச் சம்பாதியுங்கள் என்கிறார்கள். பேச்சு முடிந்ததும் பொன்னாடை, குழுப்படம், நாசி லெமாக் பொட்டலம்.

அந்தப் பதில் தவறில்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. சிரம்பானில் வாடகை கொடுத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, அந்த ஒரு சம்பளத்தில் மாதத்தை ஓட்டிப் பாருங்கள், தெரியும். இரண்டாவது வருமானம் வேண்டும்தான். ஆனால், கடை யார் நிலத்தில் இருக்கிறது, எழுத்து யார் உரிமையில் போகிறது என்று எந்த மேடையிலும் யாரும் கேட்பதில்லை. நான் அதைத்தான் கேட்கிறேன்.

நம்மவர்களுக்குத் தொழில் தெரியாது என்பது முழுப் பொய். லாபு, ரந்தாவ், லின்சம், சுவா பெத்தோங், பகாவ் எனத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். காலையில் பால் வெட்டிய கை, மாலையில் மாட்டில் பால் கறந்து விற்றது. லயத்துக்குப் பின்னால் மரவள்ளியும் கீரையும் இருந்தன. ஆட்டுப்பட்டி இருந்தது. இட்லி அவித்து விற்றே பிள்ளையைப் படிக்க வைத்த தாய்மார்கள் இருந்தார்கள். அவர்களை 'தொழில்முனைவர்' என்று அப்போது யாரும் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தொழில்கள் ஏன் வளரவில்லை? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். முதலாளி தோட்டத்தில் கடை வைக்கலாம், ஆனால் அந்தக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று தொழிலாளியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் நுழைவாயில் தோட்டத்துடையது, சாலை தோட்டத்துடையது, லயமும் தோட்டத்துடையது. போட்டிக்கு இன்னொருவர் ஓர் ஒட்டுக்கடை போட வேண்டுமென்றால் நிர்வாகியின் தயவு வேண்டும். தயவில் நிற்கும் கடைக்கு அந்த நிர்வாகி மாற்றலாகும் வரைதான் ஆயுள்.

ரப்பர் போய் செம்பனை வந்தபோது கன்றுகளை மேய்கின்றன என்று மாடுகளை அகற்றச் சொன்னார்கள். பிறகு தோட்டமே நகரமானது. நாங்கள் வழக்குக்குச் செல்லும் நீதிமன்ற வளாகம் இருக்கும் சிரம்பான் 2கூட ஒரு காலத்தில் தோட்ட நிலம்தான். இப்போது சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களை உள்ளடக்கி 'மலேசிய விஷன் வேலி' திட்டம் நடக்கிறது. இப்படி நிலம் கைமாறும்போது பேச்சுவார்த்தையில் எது இடம்பெறுகிறது? வீடு பேசப்படுகிறது, கோயில் பேசப்படுகிறது, தமிழ்ப்பள்ளி பேசப்படுகிறது. மாட்டுக்கொட்டகையும் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த வாடிக்கையாளர்களும் கணக்கிலேயே வருவதில்லை. ஏனென்றால் அவற்றுக்குத் தாள் கிடையாது.

துன் வீ.தி. சம்பந்தன் இதைப் புரிந்துகொண்டவர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று மாதம் பத்து பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். பெரிய காரியம், மறுக்க முடியாது. ஆனாலும் தொழிலாளியின் கைக்கு வந்தது பங்குப் பத்திரம். குடியிருந்த மண்ணின் பட்டா அல்ல.

இன்று கடனுதவிக்குக் குறைவில்லை என்கிறார்கள். டெக்குனில் 'ஸ்பூமி' இருக்கிறது. அமானா இக்தியார் 2024ல் இந்தியப் பெண்களுக்காக 'பெண்' என்ற பெயரிலேயே 5 கோடி வெள்ளித் திட்டம் கொண்டுவந்தது. வரவேற்போம். ஆனால் கடன் மனு தொழில் பதிவைக் கேட்கும். உரிமம் கேட்டால் நகராண்மை கடையின் முகவரியைக் கேட்கும். தோட்டக் குடியிருப்பில் இருப்பவர் எந்த முகவரியைக் கொடுப்பார்? டவுனில் இருக்கும் மச்சான் பெயரில் பதிவு, மச்சான் பெயரில் கடன், மச்சான் பெயரில் உரிமம் என்றாகிவிடுகிறது. கல்யாண வீட்டில் ஒரு சண்டை வந்தால் கடை யாருக்கு? சட்டம் பதிவைத்தான் முதலில் பார்க்கும். முறுக்கு சுடுவது மனைவி, பதிவில் இருப்பது கணவர் பெயர் என்ற கோப்புகளும் என் மேசையில் உண்டு. சொந்தப் பெயரில் தொழிலைப் பதிவு செய்ய ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. அம்மா, அக்கா, தங்கைகளே, அந்த 30 வெள்ளியை உங்கள் பெயரில் கட்டுங்கள்.

எழுத்துத் தொழிலிலும் இதே கதைதான், இடம்தான் வேறு. தமிழ்ப் பத்திரிகைகளை மட்டும் நம்பி எழுதிப் பிழைக்க முடியாது. 1924ல் தொடங்கிய தமிழ் நேசனே 2019ல் நின்றுவிட்டது. ஆகவே நம் இளைஞர்கள் பயிற்சி நூல், மொழிபெயர்ப்பு, நாடக வசனம், விளம்பர வாசகம் என்று கேட்டவருக்கெல்லாம் எழுதித் தருகிறார்கள். ரந்தாவ் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெண், ஒரு பதிப்பகத்துக்குத் தமிழ்ப் பயிற்சி நூல்கள் எழுதினார். ஒருமுறை தொகை கொடுத்தார்கள். நூல் மறுபதிப்பு கண்டது. அவர் பெயர் அட்டையில் இல்லை, இரண்டாவது தொகையும் இல்லை. "நான் எழுதியது எனக்குச் சொந்தம் இல்லையா, சார்?" என்று கேட்டார்.

1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவை நாம் படிக்காததன் விலை இது. நீங்களாக எழுதி அனுப்பும் கதையின் உரிமை உங்களுடையது. எழுத்து மூலம் மாற்றித் தராத வரை அது போகாது. ஆனால் ஒருவர் கேட்டு, அவருக்காக எழுதிக் கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் உரிமை கேட்டவருக்குப் போய்விட்டதாகவே சட்டம் கொள்கிறது. வாய்பேச்சில் வேலை எடுப்பவர், வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டும் நீடிக்கும் சொத்தை ஒரு தொலைபேசி அழைப்பில் கொடுத்துவிடுகிறார். பெயர் விஷயம் வேறு. எழுதியவர் என்று அறியப்படும் உரிமையை 25ஆம் பிரிவு தனியாகக் காக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நாங்கள் பிடித்த நூல் அதுதான்.

நீண்ட ஒப்பந்தம் வேண்டாம். வேலையைத் தொடங்கும் முன் வாட்ஸ்அப்பில் நான்கு வரி அனுப்புங்கள்: இந்த வேலைக்கு இத்தனை வெள்ளி, ஒரு பதிப்புக்கு மட்டும், பதிப்புரிமை எழுதியவருடையது, கொடுத்த 30 நாளில் பணம். அவர் "சரி" என்று பதில் போடட்டும். 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம், மின்செய்தி என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஒப்பந்தத்தைத் தள்ள விடாது. கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பீர்கள். மளிகைக் கடைக்காரர் விலை சொல்லக் கூச்சப்படுகிறாரா?

2025ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டத்தில் மொழிபெயர்ப்பும் பத்திரிகைப் பணியும் இடம்பெற்றுள்ளன. நல்ல தொடக்கம்.

மாநில அரசிடமும் தோட்ட நிறுவனங்களிடமும் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை இது: நிலம் மேம்பாட்டுக்குப் போகும் ஒவ்வோர் உடன்பாட்டிலும், அங்கு நடந்த சிறுதொழில்கள் கணக்கெடுக்கப்பட வேண்டும். புதிய இடத்தில் அவற்றுக்குக் கடை மனை எழுதித் தரப்பட வேண்டும். அதுவரை, தோட்டத்தில் தொழில் செய்வோர் பால் கணக்கு நோட்டு, தீவன ரசீது, கொட்டகையின் படம் ஆகியவற்றைத் தேதியுடன் பத்திரப்படுத்துங்கள். எழுத்துக்கூலி பாக்கி இருப்பவர்கள், பணம் வரவேண்டிய நாளிலிருந்து ஆறு ஆண்டு தாண்டிவிட்டதா என்று பாருங்கள். தாண்டவில்லை என்றால், சிறு தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே கோரிக்கை பதியலாம்.