மவுஸைத் தொடாதீங்க பாஸ்!

சேலத்துல இருந்து திருச்செங்கோடு வரைக்கும் சிம்போசியம்னா டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு வெப்சைட் உண்டு. தேதி, ஃபீஸ், ரூல்ஸ் எல்லாத்தையும் ஒரே போஸ்டரா டிசைன் பண்ணி, படமாவே ஏத்திடறோம். கண்ணுக்கு ஜோர்! ஆனா, பார்வையில்லாத மாணவர் ஒருத்தர் ஸ்கிரீன் ரீடர் வச்சுத் திறந்தா? ‘படம்’னு சொல்லும், இல்லேன்னா ஃபைல் பேரை வாசிக்கும். கடைசித் தேதி தெரியாமலே போயிடும்.

அவர் கேட்கிறதை நாமளும் கேட்கலாம். பார்வையற்ற ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கிய ‘என்விடிஏ’ சாஃப்ட்வேர் இலவசம், தமிழும் படிக்கும். விண்டோஸ்ல போட்டு, மானிட்டரை அணைச்சுட்டு, கீபோர்டை மட்டும் வச்சு உங்க ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்மை நிரப்பிப் பாருங்க. எங்கே முட்டுதோ, அங்கேதான் வேலை பாக்கி. விவரங்களை எழுத்தாவும் போடுங்க. படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட், ஒவ்வொரு கட்டத்துக்கும் லேபிள் கொடுங்க. ‘வேவ்’ங்கற இலவச டூல்ல சைட் முகவரியைக் கொடுத்தா, இன்னும் பல தப்புகளைக் காட்டும்.

டிஜிட்டல் வசதிகளை அணுகுவதும் வாழும் உரிமையில் அடக்கம்னு சுப்ரீம் கோர்ட்டே 2025-ல் சொல்லிடுச்சு. போஸ்டர்ல ‘அனைவரும் வருக’ன்னு போடறோமே... அந்த ‘அனைவரும்’ல அவரும் உண்டுதானே?