பூட்டிய கதவும் புகையும்

2019 டிசம்பர் 8-ஆம் நாள், பொழுது புலருமுன், தில்லி அனாஜ் மண்டியில் பட்டறைகள் இயங்கிவந்த கட்டடம் ஒன்றில் தீப்பற்றியது. வேலை முடிந்து அங்கேயே உறங்கிய தொழிலாளருள் 43 பேர் மாண்டனர். பெரும்பாலோரை மாய்த்தது நெருப்பன்று; புகையே. 2018 ஜனவரியில் பவானாவில் பட்டாசுத் தொழிற்கூடத் தீயில் 17 பேரும், 2022 மே மாதம் முண்ட்காவில் நான்கு மாடிக் கட்டடத் தீயில் 27 பேரும் இறந்தனர். தீ மூண்ட காரணங்கள் வேறாயினும், தப்பிச் செல்லப் போதிய வழியின்மை மூன்றிடத்தும் பொதுவாயிருந்தது.

இவற்றை விபத்து என்றும் விதி என்றும் கூறிவிடுவது எளிது. மின்கம்பியில் பொறி எழுவது தற்செயலாகலாம். மாடிப்படியில் மூட்டைகளை அடுக்குவதும், சன்னலுக்கு இரும்புக் கம்பியிடுவதும், இரண்டாம் கதவைப் பூட்டுவதும் தற்செயல் அல்ல. அவை ஒருவர் எண்ணிச் செய்த செயல்கள்.

புகையின் இயல்பை அறிந்தோர் இவ்வாறு செய்யத் துணியார். சூடேறிய புகை விரிந்து மேலெழும். அடைப்பில்லாத மாடிப்படி அதற்குப் புகைபோக்கியாகிவிடும். ஆதலின், ஒரே படியுள்ள கட்டடத்தில் மனிதர் இறங்க வேண்டிய வழியிலேயே புகை ஏறி வருகிறது. அதிலுள்ள கார்பன் மானாக்ஸைடு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிவுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குபவன் விழிக்குமுன்னரே நினைவிழக்கிறான்.

களவுக்கு அஞ்சியே பூட்டுகிறோம் என்பர் முதலாளிமார். அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் 1911-இல் நியூயார்க் நகரில் 146 பேரைப் பலிகொண்ட ஆடைத் தொழிற்சாலைத் தீயிலும் ஒன்பதாம் தளத்துக் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. உள்ளே ஆள் இருக்கும்போது, எளிதில் உடனே திறக்க இயலாதவாறு வெளிவாயிலைப் பூட்டலாகாது என்று நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இயற்றப்பட்டபோதே விதிக்கப்பட்டது. வெளியிலிருந்து திறவாமல், உள்ளிருந்து தள்ளினால் மட்டும் திறந்து மணியொலிக்கும் கதவு களவையும் தடுக்கும், உயிரையும் காக்கும். அதற்காகும் செலவு பெரிதன்று.

ஆய்வாளர் எப்போதோ ஒரு நாள் வருவார். முதலாளி நாள்தோறும் வருகிறார். எனவே முதற்பொறுப்பு அவருடையதே. படிகளில் சரக்கு வைக்க இடந்தராமை, தாங்கும் அளவுக்கு மேல் மின்சுமை ஏற்றாமை, பட்டறையை உறங்குமிடமாக்காமை, ஆண்டுக்கு இருமுறையேனும் வெளியேறும் பயிற்சி நடத்துதல் ஆகியவை அவரால் இயலாதவை அல்ல.

தம் தொழிற்கூடம் பாதுகாப்பானது என நம்பும் முதலாளி, ஓரிரவு விளக்குகளை அணைத்து, மேல்மாடியிலிருந்து இரண்டாம் வழியாகத் தாமே இறங்கிப் பார்க்கட்டும். சாவியைத் தேட நேர்ந்தால், அல்லது அப்படி ஒரு வழியே இல்லையெனில், மறுநாள் வேலை தொடங்குமுன் செய்ய வேண்டியது யாதென்று அவருக்கே விளங்கும்.