வாய்க்குத் தாசில்தார், பேனாவுக்கு வட்டாட்சியர்

அப்பா காலமான பிறகு பட்டாவில் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. ஆன்லைனில் போட்ட விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. “நேர்ல ஒரு மனு குடுத்துடுங்க” என்றார்கள். போன மாதம் ஒரு திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் வாசல் புங்கமரத்தடியில் போய் நின்றேன். எந்தத் தாலுகா என்று சொல்லப் போவதில்லை. பட்டா இன்னும் கைக்கு வரவில்லை.

மரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வெள்ளைத் தாளின் இடப்பக்கத்தை நகத்தால் கீறி மார்ஜின் மடித்துக்கொண்டே, “மனு யாருக்குங்க சார், தாசில்தாருக்கா, ஆர்டிஓவுக்கா?” என்றார். தாசில்தாருக்கு என்றேன். உடனே ‘பெறுநர்’ போட்டு, அதன் கீழே ‘உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்’ என்று குண்டு குண்டாக எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்து, “தாசில்தார் இன்னிக்கு கேம்ப்பு. வர மூணு மணி ஆகும்” என்றார். வாய் ஒன்று சொல்ல, பேனா இன்னொன்று எழுதுகிறது. பல வருஷமாக இந்த மொழிபெயர்ப்பைச் செய்துவருகிறார் போலும். அதற்கென்று தனியாகக் காசு வாங்குவதில்லை.

மூன்று மணி வரை எனக்குப் பலகைகளைப் படிப்பதைத் தவிர வேறு வேலையில்லை. வட்டாட்சியர், துணை வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், நில அளவர். வாசலில் காத்திருந்த ஐம்பது அறுபது பேர் வாயிலும் இவற்றில் ஒன்றுகூட இல்லை. தாசில்தார், டெபுடி, ஆர்ஐ, சர்வேயர், விஏஓ. இதற்காக யாரும் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு உறுத்தியது வேறு. பலகையில் இருக்கும் அந்த ‘ஆட்சி’ எங்கிருந்து வந்தது?

தாசில் என்றால் அரபியில் வசூல். ‘தார்’ பாரசீகத்து ஒட்டு. அதைக் கையில் வைத்திருப்பவர் என்று பொருள். ஆக, தாசில்தார் வரி வசூலிப்பவர். கலெக்டரும் அதேதான், இங்கிலீஷில். 1792இல் திப்புவிடமிருந்து பாரமகால் கைமாறியபோது கம்பெனி அங்கே அனுப்பிய அலெக்சாண்டர் ரீட் ஒரு பட்டாளத்து அதிகாரி. அவருக்குக் கொடுத்த வேலை நிலத்தை அளந்து தீர்வையை வாங்குவது. பதவிப் பெயரிலும் அதைத்தான் சொன்னார்கள். பிற்பாடு போலீஸ், மாஜிஸ்திரேட் அதிகாரமெல்லாம் வந்து சேர்ந்தன என்றாலும் பெயர் என்னவோ வசூல்காரர் பெயராகவே நின்றது.

1956இல் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் வந்தது. நாளடைவில் பலகைகளும் மாறின. கலெக்டர் மாவட்ட ஆட்சித் தலைவரானார், தாசில்தார் வட்டாட்சியரானார். அந்நியன் வசூல்காரர் என்று அழைத்தவரை, மக்களாட்சி வந்த பிறகு நாமாகப் பார்த்து ஆட்சியர் ஆக்கியிருக்கிறோம். மொழிபெயர்ப்பிலேயே பதவி உயர்வு. சொல் கிடைக்காமல் நேர்ந்த விபத்து என்றும் சொல்ல முடியாது. தண்டல் என்ற நல்ல சொல் நம்மிடம் இருந்தது; மாவட்டத் தண்டலர் என்று வைத்திருக்கலாம். ஆனால் சென்னையில் தண்டல்காரர் என்றால் காலையில் சைக்கிளில் வந்து தினவட்டி வாங்கிப் போகிறவர். எந்த ஐ.ஏ.எஸ். ஒத்துக்கொள்வார்?

தமிழ்ப் பதவிப் பெயர்களைக் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். சில இடங்களில் அவைதான் மானத்தைக் காப்பாற்றுகின்றன. வருவாய்க் கோட்டத்து அதிகாரி ஆர்டிஓ. லைசென்ஸ் கொடுக்கும் போக்குவரத்து அதிகாரியும் ஆர்டிஓ. இங்கிலீஷில் நடு எழுத்து வேறு வேறு. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே ‘டி’தான். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இறந்துபோனால், பேப்பரில் கடைசி வரியாக ‘ஆர்டிஓ விசாரணை’ என்று வரும். சின்ன வயதில் அதைப் படித்துவிட்டு, டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸுக்கும் செத்துப்போன பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று வெகுநாள் குழம்பியிருக்கிறேன். ‘கோட்டாட்சியர் விசாரணை’ என்று போட்டிருந்தால் அந்தக் குழப்பம் வந்திருக்காது.

பாட்டிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. தாலுகா ஆபீஸ், கோர்ட், கலெக்டர் ஆபீஸ் எல்லாமே அவளுக்குக் கச்சேரிதான். “தாத்தா கச்சேரிக்குப் போயிருக்கார்” என்பாள். பாட்டு என்றாலே எழுந்து போய்விடும் மனிதர் மாதம் இரண்டு கச்சேரிக்குப் போவது எனக்குப் புதிராக இருக்கும். மயிலாப்பூரில் கச்சேரி ரோடு இருக்கிறது. சபாக்கள் நிறைந்த பேட்டை என்பதால் சங்கீதக் கச்சேரி என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அந்தப் பெயரில் இருப்பது பாட்டியின் கச்சேரிதான்.

அந்தப் பழைய கச்சேரி இலங்கையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், “கச்சேரிக்குப் போய் அரசாங்க அதிபரைச் சந்திச்சனான்” என்று ஒருமுறை சொன்னபோது ஜனாதிபதியையே பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். மாவட்டத்துக்கு மேலதிகாரியைச் சொல்லியிருக்கிறார். அங்கே பள்ளித் தலைமையாசிரியரும் அதிபர்தான். நாம் ஆபீஸ் என்கிறோம். அவர்கள் டச்சுக்காரரிடமிருந்து எடுத்த கந்தோரை வைத்திருக்கிறார்கள். நம் ‘துறை’ அங்கே ‘திணைக்களம்’. சோழர் காலத்து வரிக்கணக்கு இலாகாவைக் கல்வெட்டுகள் புரவுவரித் திணைக்களம் என்கின்றன. நாம் கைவிட்ட சொல்லில் அவர்கள் ஊரில் பாஸ்போர்ட் வேலையெல்லாம் நடக்கிறது.

நாமும் ஒன்றை மீட்டிருக்கிறோம், வாரியம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் உண்டு, தோட்ட வாரியம் உண்டு. பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. உறுப்பினரைக் குடவோலையில் எடுப்பார்கள். பதவி 360 நாள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. அந்தச் சொல்லைத் தூசி தட்டி எடுத்து மின்சார வாரியம், குடிநீர் வாரியம், வீட்டு வசதி வாரியம் என்று வைத்துக்கொண்டோம். சொல்லை மட்டும். ஜனங்கள் ஈபி ஆபீஸ் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அதே காலத்துக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் இன்னொரு சொல் வெட்டி. கூலியில்லாமல் செய்தாக வேண்டிய ஊர்வேலைக்குப் பெயர். இன்று ‘வெட்டியா இருக்கான்’ என்கிறோமே, அதன் வேர் அங்கே இருப்பதாகச் சொல்வார்கள். கூலி கொடுக்காமல் வேலை வாங்கியவனுக்கு என்ன பெயர் என்று தேடிப் பார்த்தால் மரியாதையான பட்டங்கள்தான் கிடைக்கின்றன.

கர்ணம், மணியக்காரர் கதை வேறு மாதிரி. இவை பெரும்பாலும் அப்பனுக்குப் பின் பிள்ளை என்று வந்த பதவிகள். 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் ஒழித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1982இல் அரசு பக்கமே தீர்ப்பானது. அவர்கள் இடத்தில் பரீட்சை எழுதித் தேறியவர்கள் வந்தார்கள், கிராம நிர்வாக அலுவலர்கள். இந்தப் பெயரில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. யார் வீட்டுப் பிள்ளையும் உட்காரலாம் என்று ஒரு நாற்காலியைத் திறந்துவிட்ட பெயர் அது. எங்கள் கொங்குப் பக்கம் கிழவர்கள் இன்னமும் மணியக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முன்பு அந்தப் படியேற முடியாதிருந்த வீட்டிலிருந்து வந்த பெண்ணொருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஒரு பெரியவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு “மணியக்காரரம்மா” என்று விளித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

மணி மூன்றரை. ஜீப் வந்தது. டவாலி ஒருவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். டவாலி என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். தோளில் பட்டையும் இல்லை, புளி போட்டுத் துலக்கிய பித்தளை வில்லையும் இல்லை. பேண்ட் சட்டையில் இருந்த இளைஞர், எம்.ஏ. படித்தவராம். பதவி, அலுவலக உதவியாளர்.

பெரியவர் மனுவை ஒரு தடவை வாய்க்குள் படித்துப் பார்த்தார். நடுவில் ஓர் இடம் காலியாக விட்டிருந்தார்.

“உங்க தொழில் என்னன்னு போடட்டும் சார்?”

“எழுத்தாளர்.”

‘எழுத்தர்’ என்று எழுதினார். எழுத்தர் என்றால் கிளார்க் ஆகிவிடும், ‘தாள’ வேண்டும் என்றேன். அடித்துவிட்டுத் திருத்தினார். 1744இல் ராபர்ட் கிளைவ் சென்னைக் கோட்டையில் வந்து சேர்ந்ததும் ‘ரைட்டர்’ என்ற கடைநிலைக் குமாஸ்தா பதவிக்குத்தான் என்ற தகவல் நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பெரியவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். இப்போது குரலில் கொஞ்சம் பவ்யம் கூடியிருந்தது.

“ரைட்டருங்களா? முன்னாடியே சொல்லக் கூடாதா. எந்த ஸ்டேஷன் சார்?”