திருப்பி வைத்த இருக்கை



பாரிஸ் மாநகரில் வாழ்ந்துவரும் நாம் அங்குள்ள பொது மிதிவண்டிகளை அண்மையில் பயன்படுத்திப் பார்த்தோம். 'வெலிப்' என்பது அத்திட்டத்தின் பெயர். மிதிவண்டி, விடுதலை எனப் பொருள்படும் இரு பிரெஞ்சுச் சொற்களின் சேர்க்கை அது. 2007ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் இத்திட்டம் தொடங்கிற்று. ஒரு நிலையத்தில் வண்டியை எடுத்து, வேறொரு நிலையத்தில் விட்டுச் செல்லலாம். பச்சை வண்டியை நம் கால்வலிமையால் மட்டுமே ஓட்ட வேண்டும். நீல வண்டிக்கு மின்விசையின் துணை உண்டு. வாடகைக் கடையில் இருப்பதுபோல, திரும்பி வந்த வண்டியைச் சுற்றிப் பார்த்துச் சோதிக்கும் கடைக்காரர் இங்கே இல்லை.

கண்காணிப்பார் இல்லாத பொருள் என்னாகும் என்ற கேள்வி பழையது. 1965இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் 'புரோவோ' என்னும் இளைஞர் இயக்கத்தார், மிதிவண்டிகளுக்கு வெள்ளை வண்ணம் பூசி, யாவரும் எடுத்துச் செல்லலாம் எனப் பூட்டின்றித் தெருவில் விட்டனர். பூட்டப்படாதவை என்று கூறிக் காவலர் அவற்றைக் கைப்பற்றினர். 1995இல் கோபன்ஹேகன் நகரில், நாணயம் இட்டு எடுக்கும் வண்டிகள் வந்தன. எடுத்தவர் யார் என்பதை நாணயம் சொல்லாது, களவு தொடர்ந்தது. பாரிஸில் பூட்டும் வங்கி அட்டையும் பிணையாக இருந்தும், தொடக்க ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வண்டிகள் களவு போயின, உடைக்கவும் பட்டன.

ஆயினும் அதே நகரத்து மக்களிடையே ஓர் அழகிய வழக்கம் வேரூன்றியுள்ளது. சக்கரத்தில் காற்றில்லை, சங்கிலி கழன்றுவிட்டது என்று கண்டவர், அவ்வண்டியின் இருக்கையைப் பின்புறமாகத் திருப்பி வைத்துவிட்டுச் செல்கிறார். அடுத்து வருபவர் தொலைவிலிருந்தே அதனைக் கண்டு வேறு வண்டியை நாடுகிறார். வேலைக்கு விரையும் காலை வேளையில் இவ்வடையாளம் எத்துணை உதவி என்பதை நாம் பலமுறை உணர்ந்தோம். அவ்வாறு செய்தவருக்குப் பரிசு இல்லை. செய்யாதவருக்குத் தண்டமும் இல்லை. நம் முகமறியா ஒருவர் நமக்காக ஒரு கணம் நின்றிருக்கிறார், அவ்வளவே.

பொதுப்பொருளைக் காக்கப் பூட்டு வேண்டும்; சட்டமும் வேண்டும். ஆனால் அவை கள்வனைத் தடுக்கலாமேயன்றி, பின்வருபவரை நினைக்கும் உள்ளத்தைத் தந்துவிடா. அவ்வுள்ளம் இல்லத்தில் உருவாவது. குடித்த குவளையைக் கழுவி வைப்பதும், எடுத்த நூலை எடுத்த இடத்தில் சேர்ப்பதும் சிறு செயல்களே. அடுத்து வருபவர் ஒருவர் உண்டு என்பதை நம் பிள்ளைகள் அவற்றிலிருந்தே கற்கின்றனர். அப்பழக்கத்தை இன்றே நம் வீட்டில் தொடங்குவோம்.