கூடாரத்துக்குக் கிடைக்கும் மானியம் வாத்தியாருக்குக் கிடைக்காதா?

ஆண்டின் இறுதி நெருங்குகிறது. சிரம்பானில் மாநிலச் சட்டமன்றம் கூடி அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைப் பேசும் காலம். தமிழ்ப்பள்ளிகளுக்கு எவ்வளவு, ஆலயங்களுக்கு எவ்வளவு என்று நம்மவர்கள் நாளிதழைப் புரட்டிப் பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கலைக்கு எவ்வளவு என்று யாரும் கேட்டு நான் கண்டதில்லை. கலை என்ற பெயரில் வருகிற பணம் எதற்குச் செலவாகிறது என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. இந்த வாரம் அதைக் கொஞ்சம் பேசுவோம்.

ஒரு காலத்தில் இதற்காக நாம் யார் கதவையும் தட்டியதில்லை. ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். சம்பள நாளில் கோயில் பணம் பிடிப்பார்கள். திருவிழா நெருங்கினால் நோட்டுப் புத்தகத்தோடு லயம் லயமாக வசூல் நடக்கும். அந்தப் பணத்தில்தான் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள், கரகம் எடுத்தார்கள், தீ மிதித்தார்கள், விடிய விடியக் கூத்தும் ஆடினார்கள். இரவில் அர்ச்சுனன் வேடம் கட்டியவர் மறுநாள் பெரட்டுக்கு நின்று பால்மரம் சீவப் போனார். 1952-இல் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்தபோது மலாயாத் தோட்டங்கள் அதைத் தங்கள் விழாவாக எடுத்துக்கொண்டன. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கிய சமூகம் இது. கூத்துக்கும் மேளத்துக்கும் பணம் சேர்ப்பது அதற்குப் பெரிய காரியமாக இருக்கவில்லை.

ஆனால் அந்த நாள்களைப் பேசும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். திருவிழா இரவுக்குத்தான் வசூல் நடந்தது. பயிற்சிக்கு யாரும் வசூல் செய்யவில்லை, தேவையும் இருக்கவில்லை. உறுமி அடிக்கச் சொல்லித் தரும் பெரியவர் அடுத்த லயத்தில் இருந்தார். ஆயாக்கொட்டகையோ கோயில் முன்திடலோ சாயங்காலத்தில் காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் நடந்தே வந்தார்கள். மேளச் சத்தம் கேட்டு யாரும் போலீசில் புகார் கொடுக்கவில்லை, கேட்டவர்கள் எல்லாரும் நம் ஆள்கள். இடம், வாத்தியார், மாணவர், நேரம் என்று ஒரு கலைக்கு வேண்டிய நான்கும் தோட்டத்தில் இலவசமாகக் கிடைத்தன.

தோட்டம் கலைந்தபோது நாம் இழந்தது அந்த இலவசத்தைத்தான். கித்தாக்காடு செம்பனையானது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. வாத்தியார் இன்று செனவாங்கில் மலிவுவிலை அடுக்குமாடியில் இருக்கிறார். ஒரு மாணவன் நீலாயில், இன்னொருவன் மந்தினில். தாமான் வீட்டில் உறுமியை எடுத்துத் தேய்த்தால் ஐந்தாவது நிமிடம் அண்டை வீட்டுக்காரர் வாசலில் நிற்பார். மண்டபம் எடுத்தால் வாடகை, பிள்ளைகளை ஏற்றி இறக்க எண்ணெய்ச் செலவு. முன்பு காசே இல்லாமல் நடந்த ஒன்றுக்கு இன்று மாதாமாதம் காசு வேண்டும்.

மானியம் உதவ வேண்டிய இடம் இதுதான். நடப்பதோ வேறு.

சில ஆண்டுகளாகச் சிறு குழுக்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் வேலையை நான் செய்து வருகிறேன். சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடு, மாநில அரசின் உதவி, கூட்டரசின் பக்கம் தேசியக் கலாச்சார, கலைத்துறை இலாகா, மித்ரா என்று கதவுகள் பல. எந்தக் கதவைத் தட்டினாலும் நான் பார்த்த பாரங்கள் கேட்பது ஏறக்குறைய ஒன்றே. நிகழ்ச்சியின் பெயர், தேதி, இடம், எதிர்பார்க்கும் கூட்டம், திறந்து வைக்கும் பிரமுகர். முடிந்த பிறகு படங்களோடு அறிக்கை.

அப்படி நடந்த ஒரு கலை இரவின் கணக்கு என் கையில் வந்தது. மொத்தம் 8,000 வெள்ளி. மேடை, கூடாரம், நாற்காலிக்கு 2,600. ஒலி, ஒளிக்கு 1,800. சாப்பாட்டுக்கு 2,000. பதாகை, மாலை, நினைவுப் பரிசுக்கு 900. மீதி 700 வெள்ளி, ஆடிப் பாடிய ஏழு பேருக்கு ஆளுக்கு 100. இதில் யாரும் திருடவில்லை. பற்றுச்சீட்டு எல்லாம் ஒழுங்காக இருந்தது. கூட்டமும் நன்றாக வந்தது. ஆனால் அந்த 8,000 வெள்ளியில் ஒரு பிள்ளைகூடப் புதிதாக மேளம் பிடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. கூடாரத்தைப் பிரித்த மறுநாள் எல்லாம் பழையபடி ஆனது.

அதே பணத்துக்கு இன்னொரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளி நடக்கும் வாரங்களை 40 என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு நாள் சொல்லித்தர வாத்தியாருக்கு 150 வெள்ளி என்றால் 6,000. தோல் மாற்ற, கருவி பழுதுபார்க்க 1,200. பிள்ளைகளுக்குத் தேநீர், பலகாரத்துக்கு 800. கூட்டினால் அதே 8,000 வெள்ளி. ஓர் இரவின் செலவில் ஓர் ஆண்டின் வகுப்பு.

உறுமி சொல்லித்தரும் பெரியவர் ஒருவரிடம், "நீங்கள் ஏன் ஐயா விண்ணப்பம் போடவில்லை?" என்று கேட்டேன். வயது எழுபதை நெருங்குகிறது. பிறந்தது சிலியாவ் பக்கத்துத் தோட்டம். சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாரத்துல நிகழ்ச்சி நடக்கிற தேதின்னு ஒரு கட்டம் இருக்கு தம்பி. நான் வாராவாரம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேன். அந்தக் கட்டத்துல என்ன தேதி எழுதறது?"

என்னிடம் பதில் இல்லை. பாரம் தயாரித்தவரிடமும் இருக்காது. அவர் கெட்ட எண்ணத்தோடு அந்தக் கட்டத்தைப் போடவில்லை. மக்கள் பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், நிகழ்ச்சியைக் காட்டுவது சுலபம். வாரந்தோறும் ஒரு கொட்டகையில் பத்துப் பிள்ளைகள் தாளம் பழகுவதைப் படமெடுத்தால் பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

தோட்டக் கலைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உறுமியும் கரகமும் கோயிலோடு பிறந்தவை. கலைப் பிரிவுக்குப் போனால், இது சமய நிகழ்ச்சியாயிற்றே என்று தயங்குகிறார்கள். ஆலய மானியத்தின் பக்கம் போனால், பெரும்பாலும் கூரை, சுற்றுச்சுவர், கழிப்பறைக்கே அது போதவில்லை. இரண்டுக்கும் நடுவில் மேளம் நிற்கிறது. கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டிமார்களின் நிலை இன்னும் மோசம். அவர்கள் மேடையே ஏறியதில்லை. எந்தப் பாரத்தில் அவர்களை எழுதுவது?

இந்தத் தயக்கத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த தேசியக் கலாச்சார மாநாடு, இவ்வட்டாரப் பூர்வீக மக்களின் பண்பாடே அடித்தளம், பொருத்தமான பிற பண்பாட்டுக் கூறுகளைச் சேர்த்துக்கொள்ளலாம், இஸ்லாம் முக்கியக் கூறு என்று மூன்று கொள்கைகளை வகுத்தது. இதைக் குறித்துச் சீன அமைப்புகள் 1983-இலும், பத்து இந்திய அமைப்புகள் 1984-இலும் அரசாங்கத்துக்கு மகஜர் கொடுத்தன. 2021-இல் புதிய தேசியக் கலாச்சாரக் கொள்கை வெளியானது. மரபுக் கலைகளைக் காப்பதும் பரப்புவதும் அதில் இடம்பெற்றுள்ளன. அந்த வாசகம் நமக்கும் பொருந்தும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

எப்படிக் கேட்பது என்பதை இதே மாநிலத்தில் பார்த்துக் கற்கலாம். நெகிரி செம்பிலானின் அடையாளமாக இன்று ஒலிக்கும் சக்லெம்போங், சுமத்ராவிலிருந்து மினாங்கபாவ் மக்களோடு கடல் கடந்து வந்தது. வரிசையாக அடுக்கிய சிறு வெண்கலக் குமிழ்களைத் தட்டி வாசிக்கும் அந்த இசையை மாநில விழாக்களில் கேட்கிறோம். ஆனால் அதை உயிரோடு வைத்திருப்பவை பள்ளிகளில் இயங்கும் குழுக்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிய பிள்ளைகள் அந்தக் குச்சிகளைக் கையில் எடுக்கிறார்கள்.

சீனர்களிடம் இன்னொரு பாடம் இருக்கிறது. 24 பருவ மேளம் என்று இன்று நாம் மேடைதோறும் பார்க்கும் கலை, சீனாவிலிருந்து வந்த பழங்கலை என்றே பலர் நினைக்கிறோம். அது 1988-இல் ஜொகூர் பாருவில் பிறந்தது. கவிஞர் ஒருவரும் இசையாசிரியர் ஒருவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். ஃபூன் யூ உயர்நிலைப்பள்ளி அதை வளர்த்தது. பள்ளி பள்ளியாகப் பரவியது. 2009-இல் அது தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கப்பட்டது. நடுவில் 21 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் அந்த மேளத்தைத் தாங்கியது பள்ளி முடிந்த பின் நடந்த பயிற்சி.

தமிழ்நாட்டிலும் ஒன்றைக் கவனிக்கலாம். 1955-இல் தொடங்கப்பட்ட அமைப்பு இன்று தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமாக இருக்கிறது. நலிந்த கலைஞர்களுக்கு மாதாந்திர நிதியுதவி அதன் வழியே போகிறது. 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியமே அமைந்தது. குறைகள் அங்கும் உண்டு. என்றாலும் நிகழ்ச்சியைத் தாண்டி, கலையைச் சுமக்கும் மனிதரையும் அரசு பார்க்கலாம் என்பதற்கு அது சான்று.

இனி நம் பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். பதிவு இல்லாத குழுவின் கையில் அரசு பணம் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்படி ஏழு பேர் இருந்தால் ஒரு சங்கம் பதிவு செய்யலாம். மேளக்குழுவில் ஏழு பேருக்கா பஞ்சம்? ஆனால் பதிவு செய்வதோடு வேலை முடியாது. ஆண்டுக்கூட்டம் நடத்தி, 60 நாளுக்குள் கணக்கறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். நம் சங்கங்கள் பல இந்த இடத்தில்தான் இடறி விழுகின்றன. தலைவர் பதவிக்கு மூன்று பேர் போட்டி போடுவார்கள், பொருளாளர் வேலைக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கணினியில் பாரம் நிரப்பத் தெரியும், மலாயில் நன்றாக எழுதவும் வரும். அவனைத் துணைச் செயலாளராகப் போடுங்கள். பெரியவர் தாளத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உறுமி என்றாலே தொல்லை என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். தைப்பூச ஊர்வலங்களில் கட்டுப்பாடு விதிக்கும் நிலை வந்ததற்குச் சில குழுக்களின் நடத்தையும் காரணம். அதை மறுக்கவில்லை. ஆனால் வாத்தியார் இல்லாமல், காணொளியைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு எந்தச் சாமிக்கு எந்த அடி, எப்போது நிறுத்த வேண்டும் என்று யார் சொல்வது? கட்டுப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்தான் முறையான வகுப்பை முதலில் ஆதரிக்க வேண்டும்.

ஆகவே மாநில ஆட்சிக்குழுவிலும் சட்டமன்றத்திலும் இருக்கும் நம் பிரதிநிதிகளிடம் நான் வைப்பது மூன்றே கோரிக்கைகள். முதலாவது, கலைக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு பகுதியைப் பயிற்சி வகுப்புக்கென்று தனியாக ஒதுக்குங்கள். நிகழ்ச்சி தேதிக்குப் பதிலாக வகுப்பு அட்டவணையும் மாணவர் வருகைப் பதிவும் கேளுங்கள், கணக்குக் காட்ட அது போதும். இரண்டாவது, தோட்டப் பெயரைச் சுமந்தபடி பட்டணத்துப் பக்கம் வந்துவிட்ட தமிழ்ப்பள்ளிகளில், வாரம் ஒரு சாயங்காலம் புறப்பாட நேரத்தில் இந்த வாத்தியார்களை உள்ளே விட வழி செய்யுங்கள். பள்ளித் திடலில் மேளம் அடித்தால் அண்டை வீட்டுக்காரருக்கும் தொல்லை இல்லை. மூன்றாவது, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி தெரிந்த மூதாட்டிகளின் குரலைப் பதிவு செய்ய ஒரு சிறு தொகை கொடுங்கள். இதற்கு மேடையோ கூடாரமோ வேண்டாம். ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையான ஓர் இளைஞரும் போதும்.

கலை இரவுகள் நடக்கட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் கற்றதைக் காட்ட ஒரு மேடை வேண்டும். ஆனால் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் போனால், இன்னும் பத்தாண்டில் அந்த மேடையில் ஏற்றுவதற்கு ஒலிநாடாதான் மிஞ்சும்.

வாசகர்களே, உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வாத்தியார் இருந்தால், அவருக்கு எத்தனை மாணவர்கள், எந்த நாள், எந்த இடத்தில் வகுப்பு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வாங்கி வையுங்கள். வரவு செலவுத் திட்ட விவாதம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். இந்த வாரமே எழுதிவிடுங்கள்.