அடுப்படி அறியாமல் அயல்நாடு செல்லும் பிள்ளைகள்

வளைகுடாவுக்குப் புறப்படும் பிள்ளைக்குப் பெட்டி கட்டுவது நம் வீடுகளில் ஒரு தனிக்கலை. மாசித்தூள் ஒருபுறம், ஊறுகாய் ஒருபுறம், உம்மா இரவெல்லாம் கண்விழித்து இடித்த மசாலாத்தூள் நடுவில், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தொழுகை விரிப்பு. எடை கூடிவிடக் கூடாதே என்று மூன்று முறை நிறுத்துப் பார்ப்போம். அந்த மசாலாத்தூளை எந்த நேரத்தில், எவ்வளவு, எதில் இட வேண்டும் என்பது பெட்டிக்கு உரியவனுக்குத் தெரியுமா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

ரியாத்தின் பத்ஹா பகுதியில் நாங்கள் ஆறு பேர் ஓர் அறையில் தங்கியிருந்தோம். ஆளுக்கொரு நாள் சமையல் முறை. வெள்ளிக்கிழமை காலை துணி துவைத்தல், ஜும்ஆவுக்கு முன் அறையைக் கழுவுதல். புதிதாக வந்து சேர்ந்த தம்பி ஒருவர், இயந்திரப் பொறியியல் பட்டதாரி, தம் முதல் முறையன்று மீன் பொரிக்க எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு உம்மாவுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். சட்டி தீப்பற்றியது. வாளித் தண்ணீருடன் பாய்ந்து வந்தவரை, எங்களோடிருந்த கீழக்கரைக் காக்கா தோளைப் பிடித்து நிறுத்தினார். அடுப்பை அணைத்தார், பெரிய தட்டு மூடியைச் சட்டியின்மீது மெல்ல நகர்த்தி மூடினார். தீ அடங்கியது. எரியும் எண்ணெயில் நீர் விழுந்தால் அது நொடியில் ஆவியாகி, எண்ணெயை நெருப்போடு நாலாபுறமும் வீசியெறியும். வெப்பவியலைத் தேர்வுக்காகப் படித்துத் தேறியவருக்கு அது தெரியவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட காக்காவுக்குத் தெரிந்திருந்தது.

உறங்கப் போகுமுன் வீட்டில் நெருப்பை அணைத்துவிடுமாறும் பாத்திரங்களை மூடிவைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் மதரஸாவில் கேட்டிருக்கிறோம். அந்த ஹதீஸை ஒப்பிக்கும் பிள்ளைக்கு, எரிவாயு உருளையின் திறப்பை இரவில் மூடிவிட வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் கையைப் பிடித்துக் காட்டியிருக்கிறோம்? சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். வாடை வந்தால் விளக்கையோ மின்விசிறியையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. திறப்பை மூடி, கதவையும் சன்னலையும் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க அரை நாழிகை போதும்.

துணி துவைப்பதும் அப்படியே. எது நஜீஸ், அதை எப்படி நீக்குவது என்று சட்டமாகப் படித்த பிள்ளை, அறையில் கிடக்கும் எல்லாவற்றையும் வாரி ஒரே தடவையில் இயந்திரத்தில் திணிக்கிறான். அசுத்தம் பட்டதை முதலில் தனியே கழுவிச் சுத்தம் செய்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும் என்பது ஏட்டில் இருக்கிறது, கைக்கு வரவில்லை. தொழுகைக்குரிய உடையின் தூய்மை சம்பந்தப்பட்டது இது. புதுச் சிவப்புக் கைலியோடு சேர்ந்து இளஞ்சிவப்பாகிப்போன வெள்ளை ஜிப்பாவைப் பற்றி நாம் சிரித்துக்கொள்ளலாம். இதைப் பற்றிச் சிரிக்க முடியாது. கழிப்பறை கழுவ வெளுப்புத் திரவத்தோடு அமிலத்தையும் சேர்த்து ஊற்றினால் நச்சுவாயு கிளம்பும் என்பதையும், மிஞ்சிய சோற்றை இரவெல்லாம் வெளியே வைத்து மறுநாள் சூடாக்கி உண்டால் வயிறு கெடும் என்பதையும் நாங்கள் இருமியும் வாந்தியெடுத்தும்தான் அறிந்தோம்.

எல்லாமே துன்பமாக இருந்ததில்லை. கோடையில் மொட்டைமாடித் தொட்டி காய்ந்து, குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். வெந்நீர்க் கலனின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அறைக்குள் நிழலில் கிடந்து ஆறிய அந்தக் கலனின் நீரில் குளிக்கலாம் என்று காக்கா சொல்லிக்கொடுத்த நாளில் நாங்கள் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல. வடித்தே பழகிய நமக்கு, அரைமணி நேரம் ஊறிய பாஸ்மதி அரிசிக்கு ஒன்றுக்கு ஒன்றரை என்று நீர் அளப்பதும் அவர் தந்த பாடமே.

"அங்கே போனால் தானாகக் கற்றுக்கொள்வான்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மை, கற்றுக்கொள்கிறான். ஆனால் அதுவரை அவனுடைய முறையையும் சேர்த்துச் சுமப்பவர் யார்? பத்து மணி நேரம் வெயிலில் நின்று வந்த இன்னொரு வீட்டுப் பிள்ளை. சுமக்க ஆளில்லாதவன் குப்பூஸையும் குளிர்பானத்தையும் வைத்தே ஆண்டுகளை ஓட்டுகிறான்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்றுண்டு. பரதேசத்தில் வேறு வழியின்றிக் கற்றதை அவன் பரதேச வாழ்வின் தண்டனையாகவே எண்ணுகிறான். விடுமுறையில் திருச்சி விமான நிலையத்தில் இறங்கியதுமே அதை அங்கேயே இறக்கிவைத்துவிடுகிறான். ஆறு பேருக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சியவர், தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு குவளைத் தண்ணீருக்குக் குரல் கொடுக்கிறார். மனைவி ஓடுகிறாள், அவள் காய்ச்சலில் கிடந்தால் மகள் ஓடுகிறாள். நாங்களும் அப்படி இருந்தவர்கள்தாம். ஈராண்டு காத்திருந்தவளுக்கு நாம் கொண்டுவந்த வாசனைத் திரவியத்தைவிட, ஒருநாள் ஸஹருக்கு அவளை எழுப்பாமல் நாமே அடுப்பு மூட்டியிருந்தால் அது பெரிய அன்பளிப்பாக இருந்திருக்கும்.

வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அவர்கள் பதில் கூறியதை இமாம் புகாரீ பதிவு செய்திருக்கிறார்கள். தம் ஆடையைத் தாமே தைத்ததும் செருப்பைத் தாமே செப்பனிட்டதும் வேறு அறிவிப்புகளில் உண்டு. அவர்கள் தனித்திருந்த காலத்தைப் பற்றியவை அல்ல இவை. மனைவியர் இருந்த வீட்டில் செய்தவை. தாடியிலும் மிஸ்வாக்கிலும் சுன்னத்தைப் பேணும் நாம், தட்டு கழுவும் இடத்தில் மட்டும் ஊர் வழக்கத்தைப் பேணுகிறோம்.

"பிள்ளை சம்பாதிக்கப் போகிறான், சமைக்கவா போகிறான்?" என்று கேட்கும் உம்மாக்களின் பாசத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தப் பாசத்தின் விலையைப் பன்னிரண்டு வயதுத் தங்கை செலுத்துகிறாள் என்பதை மட்டும் அவர்கள் பார்க்க வேண்டும். அண்ணன் உண்டு எழுந்த தட்டை எடுப்பது அவள்தானே. இன்று அவளும் படிப்புக்காக வெளிநாடு போகிறாள். அவளுக்குச் சமையல் தெரியும். எரிவாயு உருளை மாற்றவும் வாடகை ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திடவும் நாம் கற்றுத்தரவில்லை. அதையும் வாப்பாமார்கள் கவனிக்க வேண்டும்.

கடவுச்சீட்டு வந்து விசாவுக்காகக் காத்திருக்கும் நாட்களில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் கைப்பேசியோடு படுத்துக்கிடக்கிறார்கள். அந்நாட்களில் ஒரு வாரம் அடுப்படியை அவனிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவனுடைய துணியை அவனே துவைக்கட்டும், உண்ட தட்டை அவனே கழுவட்டும், வெங்காயம் வாங்குவதிலிருந்து சட்டி தேய்ப்பதுவரை அவன் பொறுப்பாக இருக்கட்டும். உம்மா பக்கத்தில் நின்று வாயால் மட்டும் சொல்லட்டும். சோறு குழைந்துபோனால், பிஸ்மில்லாஹ் சொல்லி அந்தக் குழைந்த சோற்றையே வீட்டார் எல்லோரும் உண்போம்.